அஞ்சலாட்சியின் வலது கை

மேடையில் இப்போது பேசுகிறவன் மூன்றாவது ஆள், சுடர்க்கொடி ஆறாவது. ஆளுக்கு மூன்று நிமிடம், நடுவில் தொகுப்பாளினி சிரிக்கவும் கைதட்டச் சொல்லவும் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் பத்து நிமிடத்துக்குக் குறையாது, பத்து நிமிடத்தில் எவ்வளவோ செய்யலாம், ஒரு உப்பங்கழி நண்டை உடைத்துச் சதையைத் தனியாகவும் ஓட்டுக்குள் இருக்கிற மஞ்சள் கொழுப்பைத் தனியாகவும் பிரித்து, எடைபோட்டு, குப்பியில் அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிவிடலாம், நாலு வருஷத்தில் எழுநூற்றுப் பன்னிரண்டு நண்டை அப்படி உடைத்தவள்தான் அவள், ஆனால் கம்ப்யூட்டரில் பூட்டிவிட்ட ஒரே ஒரு படத்தை மாற்ற முடியாது. பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் நடக்கிற போட்டி. ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பொதுஜனத்துக்குப் புரிகிற மாதிரி மூன்றே நிமிடத்தில், ஒரே ஒரு படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், மணி அடித்தால் பாதி வார்த்தையாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவளுடைய படத்தில் இருப்பது ஒரு கை. ஒரு பெண்ணின் வலது கை, உள்ளங்கையில் பிளந்த நண்டு, நண்டுக்குள்ளே மஞ்சள் திரண்டு பளபளக்கிறது, ஆள்காட்டி விரல் நிமிர மாட்டாமல் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது, மணிக்கட்டில் பச்சை குத்திய தேள். முகம் இல்லை. அந்தக் கை இன்னொரு தடவை திரையில் வரக்கூடாது. இன்றைக்கு அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான், பரிசு வேண்டாம், பத்திரிகையில் போட்டோ வேண்டாம். காலையில் எட்டரைக்கே வந்து புரொஜெக்டர் பார்க்கிற ராஜவேலு அண்ணனிடம் கேட்டாயிற்று. "அண்ணே, ஆறாம் நம்பர் படத்த மட்டும் எடுத்துட்டு வேற போட்டுக் குடுங்கண்ணே, பென் டிரைவ்ல வச்சிருக்கேன்." அவர் இட்லியை விழுங்கிக்கொண்டே, "பூட்டியாச்சும்மா. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட எல்லாரோடதும் பூட்டியாச்சு. நான் தொட்டா எனக்கு மெமோ" என்றார். "வெறும் வெள்ளையா விட்டுர்றீங்களாண்ணே?" "வெள்ளையா விட்டா மெஷின் கெட்டுப்போச்சுன்னு என்னத்தான் திட்டுவாங்க." அப்புறம் அவள் மூஞ்சியைப் பார்த்துப் பாவமாகிவிட்டதோ என்னவோ, "நல்ல படம்தானம்மா. நேத்து ஓட்டிப் பாக்கறப்ப எல்லாரும் இதுகிட்டதான் நின்னாங்க" என்று தேறுதல் சொன்னார். எல்லாரும் இதுகிட்டதான் நின்றார்கள். அந்த வாக்கியம் இட்லி வாசனையோடு காலையிலிருந்து அவளுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது.

சிரிப்புச் சத்தம். தேங்காய் நாரைச் சிமெண்டில் கலந்து சுவர் கட்டுகிற அந்தப் பையன் ஆர்வத்தில் மேடை நடுவுக்குப் போய்விட்டான், அவன் தலையின் நிழல் திரையில் சுவர்மேல் சுவராக எழுந்து நிற்கிறது. பழைய ஹால், புரொஜெக்டரை நடுப்பாதையில் ஒரு ஸ்டூலில் வைத்திருக்கிறார்கள், குறுக்கே யார் போனாலும் ஒளி அவர்கள் மேல்தான் விழும். "இடப்பக்கமா மைக்குகிட்டயே நில்லுங்க சார், நிழல் விழுது" என்று தொகுப்பாளினி சொல்ல, அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடுகிறான். மைக் இடது மூலையில் ஒரு கம்பத்தில் இருக்கிறது. அந்த மைக் இல்லாவிட்டால் சுடர்க்கொடி பேசுவது சுடர்க்கொடிக்கே கேட்காது, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லியும் ஆப்சென்ட் வாங்கியவள். முதல் வருஷ செமினாரில் நாற்பத்தாறு படம் போட்டாள், வரைபடம் மேல் வரைபடம், முப்பதாவது படத்தில் அவளுடைய வழிகாட்டி வைத்தியநாதன் சாரே கண்ணை மூடி யோசிக்க ஆரம்பித்துவிட்டார், அது யோசனை இல்லை என்பது குறட்டையில் தெரிந்தது. மீன்வளத் துறை அதிகாரியிடம் போய் ஒரு மணி நேரம் விளக்கினாள், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நண்டத் திங்கலாமா, கூடாதா?" என்றார். "அது மாசத்தப் பொறுத்தது சார். அப்புறம் எந்தப் பாகம்ங்கறதப் பொறுத்தது." "பொறுத்தது பொறுத்ததுன்னா நான் என்னத்தம்மா நோட்டீஸ் ஒட்டறது?" அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் உண்மை அப்படித்தானே இருக்கிறது, அவள் என்ன செய்வாள். சித்திரை வைகாசியில் கழியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும், கடல்தண்ணீர் உள்ளே வராது, கழித்தண்ணீர் அசையாமல் கிடந்து மூச்சு முட்டிப்போகும், எந்தக் காலத்துக் குப்பையிலிருந்தோ வந்து அடிச்சேற்றில் தூங்கிக்கொண்டிருந்த உலோகம் அப்போது கரைந்து மேலே வரும், நண்டு அதைத் தன் மஞ்சளில் சேர்த்துவைத்துக்கொள்ளும். சதையில் அனேகமாக ஒன்றுமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். அந்த இரண்டு மாசம் மஞ்சளை மட்டும் எடுத்துப் போட்டுவிட வேண்டும், எல்லா நண்டிலும், யார் பிடித்தாலும், யார் விற்றாலும். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்றால் பிள்ளை பெற்றவளுக்கு ஊட்டுவதே அந்த மஞ்சளைத்தான், சளி பிடித்த குழந்தைக்கு ரசம் வைப்பதே அந்த மஞ்சளோடுதான். ஆக நாலு விஷயம். சதை நல்லது, மஞ்சள் ஆகாது, இரண்டு மாசம் மட்டும், எல்லா நண்டும். விரல் விட்டால் நாலு விரல். மெட்ராஸிலிருந்து வந்து இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுத்த ஹேமலதா மேடம் அவளுடைய நாலு விரலையும் பிடித்து மூன்றை மடக்கினார். "நாலு சொன்னா ஒண்ணும் நிக்காதும்மா. ஒண்ணு சொல்லு, நறுக்குனு. அதுக்கு ஒரு முகம் குடு, செத்தாலும் மறக்க மாட்டாங்க." "முகம் போடக்கூடாதுங்க மேடம், எத்திக்ஸ் கமிட்டில…" "அப்போ கையக் குடு."

கையைக் கொடுத்தாள். அந்தக் கையை அஞ்சலாட்சி அக்காதான் சந்தோஷமாகக் கொடுத்தது. நாலு வருஷமாக அவளுக்கு நண்டு கொடுக்கிற அக்கா, கூடையில் உயிரோடு நெளிகிறதில் ஆண் எது பெண் எது, முட்டை வைத்தது எது என்று தொடாமலே சொல்லும், ஒரு கடிக்கு விரல் நரம்பு போய்விட்டதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லும், "அதுவும் சும்மா கெடக்குமா பாப்பா, நான் அதோட காலக் கட்டுறன், அது எங் கையக் கடிக்கிது." ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியபோது, "மொகம் தெரியாதுக்கா, கை மட்டுந்தான்" என்று இவள் சொன்னாள். "கை தான, எடுத்துக்க. மொகத்தப் புடிச்சா எங்க வூட்டு மனுசன் சிரிப்பாரு" என்று புடவையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டியது. அந்தக் கையாலேயே கையெழுத்தும் போட்டது. குளுகுளு அறையில் எத்திக்ஸ் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து 'அடையாளம் மறைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி முத்திரை வைத்தார்கள். அந்த ஐந்து பேரில் யாரையும் எவரும் கையைப் பார்த்து அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள், இவளும்தான் அப்படி நினைக்கவில்லையே, நாலு வருஷம் அந்தக் கையிலிருந்து நண்டு வாங்கியவளுக்கே தோன்றவில்லையே. மே ஒண்ணாம் தேதி அக்காவின் ஊரில் கிராம சபை, புயல் பாதுகாப்பு மையத்துக் கட்டடத்தில், வெள்ளை வேட்டி கட்டித் திரை போட்டு, இருநூறு பேர். படம் வந்து ஒரு மூச்சு விடுவதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து குரல், "ஏய், இது அஞ்சலாட்சி கைடா!" கூட்டமே சிரித்தது. அஞ்சலாட்சி அக்கா பெண்கள் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு, வெட்கமும் பெருமையும் தாங்காமல், "எங் கைதான், எங் கைதான், பாப்பா புடிச்சிது" என்றது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். படத்தை அணைத்திருக்கலாம். அவளோ பயிற்சியில் நாற்பது தடவை சொல்லிப் பழகிய முதல் வரியை, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நடுங்காத குரலில் சொன்னாள், "நமக்கு ஊட்டுகிற இந்தக் கையில் விஷம் இருக்கிறது." சிரிப்பு நின்றது. இருநூறு பேரும் நின்றுபோனதை அவள் தன் தோலில் உணர்ந்தாள், அட, இதுதானா அது, இப்படித்தான் கேட்பார்களா என்று உள்ளே ஒரு தித்திப்பு எழுந்தது, அதை அவளால் இப்போது இல்லையென்று சொல்ல முடியாது, தித்திப்பாகத்தான் இருந்தது. அப்புறம் சதை நல்லது என்றாள், மஞ்சள் மட்டும் என்றாள், எல்லா நண்டும் என்றாள், எல்லாம் சொன்னாள். யாரோ செல்போனில் எடுத்தார்கள். எடுத்தவன் முதல் இருபது வினாடியோடு நிறுத்திவிட்டான், அதுதான் ஊரெல்லாம் சுற்றியது.

நான்காவது பெண் பேசுகிறாள், ஏதோ நட்சத்திரம், ஏதோ கோடி வருஷம், கைதட்டல். அவளுக்கு நல்லது, நட்சத்திரத்துக்கு யாரும் போய்ச் சொல்லப் போவதில்லை. ஏசிக் குளிர் காலுக்கடியில் ஊர்கிறது, உள்ளங்கை மட்டும் சொதசொதவென்று வியர்க்கிறது. முந்தாநாள் இந்நேரம் மீன் ஏலக் கொட்டகையில் நின்றாள், அக்னி நட்சத்திர வெயில், கையில் விழா மலர், அழைப்பிதழ், அக்காவை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், வேன் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். கொட்டகையில் ஒருத்தி பார்த்துவிட்டு, "நண்டு டாக்டரு வந்துட்டாங்கடி! இன்னிக்கி யாரு கையப் படம் புடிக்கப் போறீங்க?" என்றாள், வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் சொல்லிவைத்த மாதிரி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு சிரித்தார்கள். விளையாட்டு என்றுதான் நினைத்தாள், இவளும் சேர்ந்து சிரித்தாள். கடைசியில் வேப்பமரத்து அடியில் அஞ்சலாட்சி அக்கா. கூடை நிறைய நண்டு, உச்சிப்பொழுதாகியும் நிறைய. "வா பாப்பா. இந்த வெயில்லயா வந்த." குரலில் ஒன்றுமில்லை, அதே குரல். "என்னக்கா இன்னும் விக்கலயா?" "மூணு வாரமா இப்படியேதான் வூட்டுக்குத் தூக்கினு போறன். அஞ்சலாட்சி நண்டுல வெசம்னு ஆயிப்போச்சில்ல." "நான் அப்டிச் சொல்லலியேக்கா, எல்லா நண்டும்தான், மஞ்சள் மட்டும்தான்னு…" "நீ சொன்னது யாருக்குப் பாப்பா ஞாவகம் இருக்குது? கைதான் இருக்குது." பக்கத்துக் கூடைக்காரியிடம் ஒரு அம்மாள் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், மகள் பிள்ளை பெற்றிருக்கிறாளாம், மஞ்சள் நிறைய இருக்கிறதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடு என்றாள், அதே கழி, அதே நண்டு. சுடர்க்கொடி ஓடிப்போய், "அம்மா, மஞ்சளக் குடுக்காதீங்க, சதைய மட்டும் குடுங்க" என்றாள். அந்த அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்து, "இது அஞ்சலாட்சிகிட்ட வாங்கலம்மா" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் பையைச் சுருட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அக்கா சிரித்தது. திட்டியிருந்தால் தேவலை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால், வீட்டுக்கு வந்து அழலாம், அதோடு போகும். "நீ நல்லாத்தான் பேசுன பாப்பா. நல்லாப் பேசிட்ட. எனக்கே எங் கையப் பாத்தா பயமா இருக்குது. சோறு பெசையறப்ப பாத்துக்கிட்டே இருக்கன்." பேசும்போதெல்லாம் வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. நண்டை எடுத்துப் போட்டதும் இடது கையால். அழைப்பிதழைக் கொடுக்காமல் திரும்பிவிட்டாள், பஸ்ஸில்தான் பார்த்தாள், விழா மலரின் அட்டையிலேயே எட்டுப் படங்களில் ஒன்றாக, தபால்தலை அளவில், தேள்.

"என்ன சுடரு, கையப் புழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி வரும் போல இருக்கு" என்கிறாள் பக்கத்து நாற்காலி பௌசியா. ஐந்தாவது ஆள், வவ்வால் ஆராய்ச்சி. "எனக்கு இல்லாத பயமா? வவ்வால ஜனங்களுக்குப் புடிக்க வைக்கணும், மூணு நிமிசத்துல. எங்க வீட்ல பாத்த மாப்பிள்ளைய எனக்குப் புடிக்க வைக்கவே மூணு வருசமாச்சு." சுடர்க்கொடி சிரிக்க முயல்கிறாள், உதடு பல்லில் ஒட்டிக்கொள்கிறது. பௌசியா எழுந்து போகிறாள். ஆக இன்னும் மூன்று நிமிடம். வைத்தியநாதன் சாரிடம் நேற்றுப் போனில், "சார், பேர வாபஸ் வாங்கிக்கட்டுமா" என்று கேட்டதற்கு, "மலர் அச்சாயிடுச்சேம்மா. நீ பேசலேன்னா படம் மட்டும்தான் ஊருக்குப் போகும். பேசு, பேசிச் சரிபண்ணு. கேபிள்ல நேரலை வேற, அந்த ஊர்லயும் பாப்பாங்க" என்றார். பேசிச் சரிபண்ண வேண்டும். எப்படி? இந்தக் கையில் விஷம் இல்லை. இப்படி ஆரம்பித்தால்? இல்லை என்று சொன்னாலும் கையும் விஷமும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றனவே, இல்லை என்பது சின்ன வார்த்தை, அது எப்படியும் உதிர்ந்துவிடும். இந்தக் கைக்காரி நல்லவள். ஏன், கெட்டவள் என்று யார் சொன்னது? இந்தக் கையை மறந்துவிடுங்கள். அய்யோ, இது எல்லாவற்றையும்விட மோசம். சதை நல்லது, சதை நல்லது, சதை நல்லது என்று மூன்று நிமிடமும் அதையே சொன்னால் பைத்தியம் என்பார்கள், பைத்தியம் என்றாலும் பரவாயில்லை, ஆனால் நேரலையில் அதே நேரம் பின்னால் ஏழடி உயரத்துக்குக் கை நிற்குமே, காதுக்கு ஒன்று கண்ணுக்கு ஒன்று என்றால் கண்தான் ஜெயிக்கும், ஹேமலதா மேடம் முதல் நாளே சொல்லிக்கொடுத்ததுதானே. எத்தனை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டோம். குறட்டை விட்ட செமினாரே மேல். அந்த நாற்பத்தாறு படமும் ஒருத்தருக்கும் புரியவில்லை, ஒருத்தர் கூடையும் நிறைந்து கிடக்கவில்லை. ஆனால் அப்போதும் பிள்ளை பெற்றவள் மஞ்சளைத் தின்றுகொண்டுதான் இருந்தாள், இப்போதும் தின்கிறாள், புரியாதபடி சொன்னாலும் புரியும்படி சொன்னாலும் மஞ்சள் போகிற வாய்க்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது, நடுவில் ஒரு கைதான் காணாமல் போயிற்று. மணி அடிக்கிறது. வவ்வாலுக்குக் கைதட்டல், நல்ல கைதட்டல். "அடுத்து, கடலோரத்திலிருந்து ஒரு கதை" என்கிறாள் தொகுப்பாளினி.

ஐந்து படி. மைக்கிடம் போகிறாள். வெள்ளைப் பருத்திச் சுடிதார் போடச் சொன்னது மேடம்தான், மேடையின் கறுப்புப் படுதாவுக்கு எடுப்பாக இருக்கும் என்று. மேடம் இரண்டாவது வரிசையில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். கேமராவின் சிவப்புப் பொட்டு அவளையே பார்க்கிறது, அதன் அந்தப் பக்கம் எங்கோ கழிக்கரையில் ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், சோறு பிசைகிற நேரமாக இருக்கும். "வணக்கம்" என்கிறாள், மைக் அதைப் பெரிதாக்கி ஹால் முழுக்கத் தெளிக்கிறது. உடனே திரையில் படம் விழுந்தது. ஹால் ஒரே மூச்சாக உள்ளே இழுத்துக்கொண்டதை அவள் கேட்டாள், செல்போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. அப்போது அவள் ஒன்றும் யோசிக்கவில்லை, யோசித்தாள் என்று பிறகு சொன்னவர்கள் எல்லாம் பிறகு சொன்னவர்கள்தான். கால் நகர்ந்தது. மேடை நடுவுக்குப் போய், வெளிச்சத்துக்குக் குறுக்கே, படத்தை முதுகால் மறைக்கிற மாதிரி நின்றுவிட்டாள். கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது, எதிரே ஒருத்தரும் தெரியவில்லை. "சதை நல்லது" என்றாள். மைக் இடது மூலையில் இருந்தது. "எல்லா நண்டும்தாங்க. இந்த ரெண்டு மாசம் மஞ்சள மட்டும்…" தன் குரல் தன் மோவாயைத் தாண்டாமல் கீழே விழுவது அவளுக்குத் தெரிந்தது. மைக்கிடம் திரும்பினால் பேச்சு கேட்கும், பின்னால் கை முழுசாகத் தெரியும். இங்கேயே நின்றால் கை மறையும், பேச்சு கேட்காது. ஓரடி இடது பக்கம் வைத்தாள், திரையில் தேள் வெளியே வந்ததைக் கூட்டத்தின் முனகலில் கண்டுகொண்டு மறுபடி வலதுபக்கம் வந்தாள். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கை மறையவில்லை. அவள்மேல் விழுந்திருந்தது. வெள்ளைத் துணியில் வளைந்த விரல் அவள் தோளில் கிடந்தது, மஞ்சள் வயிற்றில் திரண்டிருந்தது, தேள் இடுப்பில் ஏறியிருந்தது, அவள் மூச்சு விட விட அதுவும் மூச்சு விட்டது. தட்டிவிடுவது போல உள்ளங்கையால் துடைத்தாள், அவள் கைமேலும் அந்தக் கை ஏறிக்கொண்டது. "சதை நல்லது" என்றாள் இன்னொரு தடவை, கத்துவதாக நினைத்துக்கொண்டு. எங்கோ ஒருத்தர் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லோரும். தட்டல் ஓயாமல் நீண்டுகொண்டே போய் மணிச்சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது.

இறங்கி வந்தாள். முதல் வரிசையில் நடுவராக இருந்த நரைத்த அம்மையார் எழுந்தே விட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மறக்கவே முடியாதும்மா. உன் உடம்பு மேலயே விஷத்தக் காமிச்சுட்ட. ஒரு வார்த்த கேக்கல, கேக்கவும் வேண்டியிருக்கல. யாரும்மா இப்டி நிக்கச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டு, வாழ்த்துச் சொல்ல வலது கையை நீட்டினார். சுடர்க்கொடி தன் கையைத் தேடினாள். அது துப்பட்டாவுக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது, வெளியே எடுக்க வரவில்லை.